யார் செத்தார், யார் துஞ்சினார்?

(இளம் வாசகர்களுக்கான கவிதைப் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதையில் சொல்தேர்வும் தொனியும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்கில் தொடங்குகிறேன். ஒரு மனிதர் உயிரோடு இல்லை என்பதைத் தமிழில் எத்தனை விதமாகச் சொல்லலாம்? செத்தார், இறந்தார், மறைந்தார், காலமானார், தவறிவிட்டார், போய்ச் சேர்ந்தார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், சிவலோக பதவி அடைந்தார், வைகுண்ட பதவி அடைந்தார். பேருந்து நிலையச் சுவரொட்டிகளைப் பார்த்தால் இன்னும் பத்து கிடைக்கும். நடந்தது என்னவோ ஒன்றுதான். ஆனால் இதில் எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பதிலேயே போனவர் யார், சொல்கிறவர் யார், இருவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் வந்துவிடுகிறது. அந்தத் தூரத்தைத்தான் நான் தொனி என்கிறேன்.

தொனிக்கு வேறு பெரிய விளக்கங்கள் உண்டு. வடமொழியில் 9ஆம் நூற்றாண்டில் ஆனந்தவர்த்தனர் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். ஆய்வு மாணவன் என்பதால் அதையெல்லாம் கொஞ்சம் படித்திருக்கிறேன். ஆனால் இன்று அந்தப் பக்கம் போகவில்லை. எங்கள் தெருப் பக்கம் போகிறேன்.

எங்கள் தாத்தா, அப்பாவைப் பெற்றவர், எழவு சொல்லப் போகிறவர். நகரத்தில் வளர்ந்த தோழர்களுக்காகச் சொல்கிறேன். ஊர்த்தெருவில் ஒரு சாவு விழுந்தால், அந்தச் சேதியை வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சேரிக்காரரின் வேலை. சில ஊரில் எழவு என்பார்கள், சில ஊரில் கேதம் என்பார்கள், சில ஊரில் துட்டி என்பார்கள். சொல் மாறும், அதைச் சுமந்து போகிற ஆள் மாறமாட்டார். தாத்தாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. பஸ்ஸுக்குக் காசு கொடுத்தாலும் அதை மடியில் முடிந்துகொண்டு நடந்தே போய்விடுவார் என்று எங்கள் அப்பாயி சொல்லும்.

போன ஊரில் வாசலுக்கு வெளியே நின்றுதான் சொல்ல வேண்டும். "பெரியய்யா தவறிட்டாங்க" என்று சொல்ல வேண்டும். செத்துட்டார் என்ற சொல் அவர் வாயில் வரக்கூடாது. பள்ளிக்கூடம் போகாத என் தாத்தாவுக்கு எந்த வாசலில் எந்தச் சொல் என்பது அத்துபடி. ஒரு சொல் மாறினால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். நம்மில் பல பேர் கவிதைப் பட்டறைக்குப் போய்க் கற்றுக்கொள்கிற விஷயம் இது. அவருக்கு இது உடம்புக்குப் பாதுகாப்பு.

அவர் செத்தபோது எனக்குப் பதினேழு வயது. மறுநாள் காலையில் ஊர்த்தெருவின் பெரிய வீட்டுப் பையன் பைக்கில் வந்து எங்கள் தெருமுனையில் நின்றார். பையன் என்றால் முப்பது வயதிருக்கும். அப்பாவைக் கூப்பிட்டார். அப்பாவுக்கு அப்போது ஐம்பதைத் தொட்டிருந்தது. "எப்படா செத்தான்?" என்று கேட்டார்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் மிரட்டவில்லை. குரல் மெதுவாகத்தான் இருந்தது. முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது, ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சொற்களை நீக்கிவிட்டு, குரலை மட்டும் பதிவு செய்து உங்களுக்குப் போட்டுக்காட்டினால், யாரோ ஒருவர் ஆறுதல் சொல்கிறார் என்றுதான் நினைப்பீர்கள். குரலில் இல்லாத சாதி, 'டா'விலும் 'ஆன்' விகுதியிலும் இருந்தது. கவிதையில் நமக்குக் குரலும் கிடையாது, முகமும் கிடையாது. தாளில் சொல் மட்டும்தான் இருக்கிறது. அதனால் கவிதை இந்த விஷயத்தில் வாழ்க்கையை விடக் கறாரானது.

இரண்டு வருடம் கழித்து, இளங்கலை இரண்டாம் ஆண்டில், தாத்தாவைப் பற்றி ஆறு வரி எழுதினேன். என் முதல் கவிதை. கல்லூரி ஆண்டு மலருக்குக் கொடுத்தேன். இப்படி இருந்தது:

எழவு சொல்லியே
எட்டூரு தேஞ்ச காலு
இன்னிக்கு நீட்டிக் கெடக்கு.
எங்க தாத்தன் செத்துட்டான்.
சொல்லிட்டு வர
ஆளில்ல.

மலர் வெளிவந்தபோது இப்படி இருந்தது:

துயரச் செய்தி சுமந்து
ஊர்கள் பல நடந்த பாதங்கள்
இன்று ஓய்வு கொண்டன.
எம் பாட்டனார் மறைந்தார்.
செய்தி சொல்ல
எவரும் இலர்.

சிரிக்காதீர்கள். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! அச்சில் என் பெயர். மலருக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "பெரியவரை அவன் இவன் என்று எழுதலாமாப்பா? மரியாதையாக மாற்றியிருக்கிறேன்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒரு சேரிப் பையனின் தாத்தாவுக்கு 'ஆர்' விகுதி கொடுத்து கௌரவிக்க நினைத்திருக்கிறார். அந்த வாரம் ஊருக்குப் போய் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அப்பா கேட்டார்: "நல்லா இருக்கு. யாரு இந்தப் பாட்டனாரு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் முனைவர் பட்டம் வரைக்கும் வந்திருக்கிறேன் என்று விளையாட்டாகச் சொல்வதுண்டு. பாதி உண்மைதான்.

என்ன நடந்தது என்று சொல் சொல்லாகப் பார்ப்போம். 'எழவு' போய் 'துயரச் செய்தி' வந்தது. எழவு என்பது ஒரு வேலையின் பெயர். அது வசவாகவும் புழங்குகிற சொல். "என்ன எழவோ", "எழவெடுத்தவனே" என்கிறோம். அதைச் சுமக்கிறவர் மேலும் அந்த வசவு ஒட்டிக்கொள்ளும், விடியற்காலையில் அவர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். துயரச் செய்தி என்றால் யாருக்குத் துயரம்? செத்த வீட்டுக்கு. அதைக் கொண்டு போகிறவர் இனி தபால்காரரைப் போல ஆகிவிடுகிறார். சாதி கழன்றுவிட்டது.

'தேஞ்ச' என்பது 'நடந்த' என்று ஆனது. தேய்வது செருப்பு. கால் தேய்ந்தது என்றால் செருப்பு இல்லை என்று அர்த்தம். நடந்த என்பதில் செருப்பு உண்டா இல்லையா என்று தெரியாது. 'காலு' பாதங்களாக ஆனது. பாதம் சாமிக்கும் தலைவர்களுக்கும் இருப்பது. அப்புறம் 'நீட்டிக் கெடக்கு'. எங்கள் தாத்தா ஊர்க்காரர் யார் வந்தாலும் காலை மடக்கிக்கொள்வார், திண்ணையில் நீட்டி உட்கார்ந்திருந்தவர் சட்டென்று குத்துக்காலிடுவார். செத்த அன்றைக்குத்தான் தெருவில், எல்லோரும் பார்க்க, காலை நீட்டிக்கொண்டு கிடந்தார். அந்த ஒரு காட்சிக்காகத்தான் நான் கவிதையே எழுதினேன். ஆசிரியருக்கு அது பிணத்தின் அலங்கோலமாகத் தெரிந்திருக்கிறது, 'ஓய்வு கொண்டன' என்று மூடிவிட்டார். அரசு ஊழியர் பணி ஓய்வு பெற்ற மாதிரி.

கடைசிச் சொல்லைப் பாருங்கள். 'ஆளில்ல'. ஆள் என்பது வெறும் மனிதரைக் குறிக்கிற சொல் கிடையாது. பண்ணையாள், கூலியாள், "நாளைக்கு நாலு ஆளு அனுப்பு". ஊர்ச் சாவுக்குச் சேதி சொல்ல ஓர் ஆள் உண்டு, எங்கள் சாவுக்கு அப்படி ஓர் ஆளை யாரும் ஒதுக்கவில்லை என்பதுதான் அந்த வரி. 'எவரும் இலர்' என்றதும் அது தனிமைத் துயரமாக மாறிவிட்டது. ஏதோ தத்துவக் கவிதை போல. கோபம் போய்ப் புலம்பல் வந்துவிட்டது. பொருள் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. தொனி முழுக்க இடம் மாறிவிட்டது.

ஓசையும் கூட மாறியது. 'செத்துட்டான்' என்பதில் த்து, ட்டா என்று இரண்டு இடத்தில் நாக்கு முட்டி நிற்கிறது. 'மறைந்தார்' எங்கேயும் முட்டாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களைச் சொல்கிறது. வல்லெழுத்து மிகுந்து வருவது வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம். எழுத்தின் ஓசை பாட்டின் குணத்தை மாற்றும் என்பது தமிழில் பழைய அறிவு. எந்த ஓசை நாகரிகமானது என்பதுதான் சிக்கல்.

அதே தொல்காப்பியத்தின் மரபியலில் வழக்கு என்பது எது என்று ஒரு நூற்பா வருகிறது. உயர்ந்தோரிடம் உள்ளதே வழக்கு, ஏனென்றால் நடப்பு அவர்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது அதன் கருத்து. இதை எழுதியவர் மனதில் உயர்ந்தோர் என்றால் அறிவில் உயர்ந்தோர்தான் என்று சமாதானம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். அறிவில் உயர எந்தத் தெருவுக்கு அனுமதி இருந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பள்ளியில் தகுதி வழக்கு படித்திருப்பீர்கள். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. மங்கலத்துக்குப் பாடநூல் என்ன எடுத்துக்காட்டு கொடுக்கும்? செத்தார் என்பதைத் துஞ்சினார் என்று சொல்வது. சுடுகாட்டை நன்காடு என்று சொல்வது. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு புறநானூற்றைப் படிக்கும்போது, பாட்டுக்குக் கீழே இருக்கிற குறிப்புகளில் மன்னர்களின் பெயர்களைப் பார்த்தேன். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன். இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி. அரசர்கள் துஞ்சுகிறார்கள். எங்கே துஞ்சினார்கள் என்பது பெயரிலேயே சேர்ந்து, இரண்டாயிரம் வருடம் கழித்து எனக்கு வந்து சேர்கிறது. அந்தச் சேதியைச் சொல்லப் போனவர் எப்படிச் செத்தார் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

மங்கலம் இலக்கணத்தில் பொதுவாக எழுதப்பட்டிருக்கிறது. பங்கிடும்போது பொதுவாகப் பங்கிடப்படவில்லை. என் தாத்தா ஆயுள் முழுக்க அடுத்தவர் சாவுக்கு மங்கலம் சொன்னவர். அவர் சாவுக்குக் கிடைத்தது "எப்படா செத்தான்".

இப்போது உங்களில் யாராவது கேட்கலாம். நீங்களும் உங்கள் கவிதையில் 'தாத்தன் செத்துட்டான்' என்றுதானே எழுதினீர்கள், பெரிய வீட்டுப் பையன் சொன்னதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் தாத்தாவை நாங்கள் எல்லோரும் அவன் இவன் என்றுதான் பேசுவோம். மடியில் ஏறி விளையாடிய பிள்ளைகள். அந்த 'ஆன்' நெருக்கத்தால் வந்தது. ஊர்த்தெருவின் 'ஆன்' உயரத்திலிருந்து வந்தது. எழுத்து ஒன்று, தொனி இரண்டு. ஆகவே 'இந்தச் சொல் நல்ல சொல், அந்தச் சொல் கெட்ட சொல்' என்று ஒரு பட்டியல் போட்டு உங்கள் கையில் கொடுக்க என்னால் முடியாது. யார் வாயிலிருந்து, யாரைப் பார்த்து என்பதைக் கவிதை தெளிவாகக் காட்டியாக வேண்டும். என் கவிதையில் 'எங்க' என்ற ஒரு சொல்தான் அந்த வேலையைச் செய்தது. அதை எடுத்துவிட்டால் நானே பெரிய வீட்டுப் பையனாகிவிடுவேன்.

இதை ஒரே சொல்லில் செய்து காட்டியவர் இன்குலாப். 'மனுசங்கடா' என்ற பாடலை நீங்கள் மேடைகளில் கேட்டிருப்பீர்கள். கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பாடியது. பாடலுக்குள் போகவில்லை, அந்தத் தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். இன்குலாப் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். 'மனிதர்' தெரியாமல் 'மனுசன்' போட்டவரில்லை. 'நாங்களும் மனிதர்களே' என்று எழுதியிருந்தால் அது ஒரு மனு. கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை கொடுத்துவிட்டு வரலாம். அதில் வரும் அந்த 'உம்' இருக்கிறதே, 'நாங்களும்', அது ஏற்கனவே மனிதர்களாக ஒப்புக்கொள்ளப்பட்டவர்களிடம் இடம் கேட்கிற உம். மனுசங்கடா என்பதில் கேட்பதே இல்லை. அறிவிப்பு மட்டும். அதிலும் அந்தக் கடைசி 'டா'. தலைமுறை தலைமுறையாகச் சேரிக் கிழவர்களைப் பார்த்து ஊர்ச் சிறுவர்கள் சொன்ன டா அது. வந்த வழியே திரும்பிப் போகிறது. ஓர் எழுத்தில் ஒரு கணக்கு நேர் செய்யப்பட்டிருக்கிறது.

இடக்கரடக்கலுக்கு வருகிறேன். அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது. "கால் கழுவி வந்தேன்" என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். மலம், பீ, மனிதக் கழிவு என்று மூன்று சொல் நம்மிடம் புழக்கத்தில் இருக்கின்றன. மலத்துக்குச் சைவ சித்தாந்தத்தில் பெரிய இடம் உண்டு. ஆணவம், கன்மம், மாயை மூன்றும் மும்மலம். மருத்துவமனைப் பரிசோதனைச் சீட்டிலும் மலம் உண்டு. எனவே அது குளித்துவிட்டு வந்த சொல். மனிதக் கழிவு என்பது பொறியியல் துறையின் சொல், குழாயும் தொட்டியும் நினைவுக்கு வரும். பீ என்பது அம்மா குழந்தைக்குக் கழுவும்போது சொல்கிற சொல், மனிதர்களைக் கொண்டு அள்ள வைக்கும்போது அந்த மனிதர்களின் கையில் இருக்கிற சொல். மதுரையில் ஒரு துப்புரவுத் தொழிலாளியைப் பின்தொடர்ந்து ஆர்.பி. அமுதன் 2003இல் ஆவணப்படம் எடுத்தபோது அதற்குப் 'பீ' என்றுதான் பெயர் வைத்தார். வேறு பெயர் வைத்திருந்தால் பார்க்கிறவர் மூக்கைப் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கலாம்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். 'குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது' என்று செய்திகளில் கேட்டோம். கழிவு, கலக்கப்பட்டது. செயப்பாட்டு வினை. யாரும் செய்யவில்லை, தானாக நடந்த மாதிரி. செய்தி நிறுவனத்துக்குச் சட்டக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் வந்த கண்டனக் கவிதைகளிலும் இதே சொற்றொடரை நான் நிறையப் பார்த்தேன், என் கவிதை உட்பட. 'கழிவு கலந்த நீர்' என்று எழுதியிருந்தேன். என் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தால் அப்படியா எழுதியிருப்பேன்? 'பீயைக் கரைத்துக் குடிக்க வைத்தார்கள்' என்று எழுதியிருப்பேன். அதைத் திருத்த எனக்கு ஒரு வருடம் பிடித்தது. உள்ளே ஓர் ஆண்டு மலர் ஆசிரியர் எல்லோருக்கும் இருக்கிறார், நமக்கு முன்னால் அவர் பேனாவை எடுத்துவிடுகிறார்.

இப்படிச் சொல் மாறி, பார்வை மாறியதற்கு நம் இயக்கங்களிலேயே நல்ல உதாரணம் உண்டு. சாதி மாறிக் காதலித்தவர்களைக் கொல்வதைக் கௌரவக் கொலை என்றுதான் செய்தித்தாள்கள் எழுதிவந்தன. கொன்றவன் கண்ணோட்டத்தில் வைத்த பெயர் அது. அதை ஆணவக் கொலை என்று மாற்றிச் சொல்லிச் சொல்லி, இன்று ஊடகங்களும் அப்படியே எழுதுகின்றன. மாறாக, 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறேன். என் தம்பியின் வேலை விண்ணப்பத்தில் அந்தச் சொல் இருக்க வேண்டியதில்லை. ஆனால் கவிதையிலிருந்து அதை எடுக்கமாட்டேன். ஊரையும் சேரியையும் யார் பிரித்தார்கள் என்று சொல்ல அந்தச் சொல் எனக்கு இன்னும் தேவைப்படுகிறது. முகவரியின் நியாயம் வேறு, கவிதையின் நியாயம் வேறு.

இதுவரை கேட்டதில், பச்சையாக எழுதினால் போதும், அதுதான் நம் கவிதை என்று நான் சொல்வதாகத் தோன்றலாம். அப்படி நினைத்து நானே மூன்று வருடம் வீணாக்கியிருக்கிறேன்.

மராத்தியில் நாம்தேவ் தசாலின் 'கோல்பிட்டா' 1972இல் வந்தது. தலித் பாந்தர்ஸ் தொடங்கப்பட்டதும் அதே வருடம். மும்பையின் காமாட்டிபுராப் பகுதியில் வளர்ந்தவர் அவர். அந்தத் தெருக்களில் புழங்கிய சொற்களால் அந்தத் தொகுப்பை எழுதினார். முன்னுரை எழுதியவர் விஜய் டெண்டுல்கர், பெரிய நாடக ஆசிரியர். மராத்தியின் முதன்மையான எழுத்தாளர்களில் ஒருவரான அவரே பல சொற்களுக்குத் தசாலிடம் பொருள் கேட்க வேண்டியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. வழக்கமாக அகராதி யார் கையில் இருக்கும்? ஒரு தடவையாவது கை மாறியது.

இதைப் படித்த வேகத்தில் நானும் இறங்கினேன். வரிக்கு ஒரு கெட்ட வார்த்தை. மேடையில் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். யார் தட்டுகிறார்கள் என்று கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தேன். எங்கள் தெருவுக்கு ஒருநாளும் வராதவர்கள், "என்ன ஒரு மண்வாசனை!" என்றார்கள். என் சொற்கள் அவர்களுக்குக் கருவாட்டுக் குழம்பு மாதிரி ஆகிவிட்டிருந்தன, எப்போதாவது ஓட்டலில் போய் ருசி பார்ப்பதற்கு. இன்னொரு நாள் கூட ஆய்வு செய்கிற தோழி ஒருவர் கேட்டார்: "உன் கவிதையில வர்ற வசவு எல்லாமே எங்க உடம்புலதானே இருக்கு? ஆண்டைய திட்டுறேன்னு ஆண்டையோட அம்மாவைத்தானே திட்டியிருக்க?" பதில் இல்லை. குட்டி ரேவதி 2002இல் தன் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்ததற்கு என்ன கூச்சல் போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சங்கப் பாடலிலும் சிலப்பதிகாரத்திலும் ஆண்டாளிடமும் தாராளமாக இருந்த சொல்தான் அது. ஒரு பெண் தன் உடம்பைத் தானே பெயர் சொல்லி அழைத்ததும் ஆபாசமாகிவிட்டது. அவர் அங்கே சொல்லைத் தன் வசம் எடுத்தார். நான் இங்கே வசவை அடுத்தவர் உடம்பிலிருந்து கடன் வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் வெளிப்பார்வைக்கு ஒரே துணிச்சல்.

இன்னொன்று. 'அடச் சண்டாளா' என்று ஒரு கவிதையில் ஊழல் அரசியல்வாதியைத் திட்டியிருந்தேன். சண்டாளர் என்பது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். சாதி எதிர்ப்புக் கவிதையில் ஒரு தலித் சாதியின் பெயரை வசவாக வைத்துவிட்டு, அது வந்த இதழை நண்பர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன். மொழி நம்மை எங்கே காட்டிக்கொடுக்கும் என்று தெரியாது. பழக்கத்தில் வருகிற சொல்லைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

மங்கலச் சொல்லும் சில இடத்தில் பொய்யாகிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர். அவர்களைப் பற்றி 'துஞ்சினார்' என்று எழுதினால் அது மரியாதை ஆகாது, கொலையை மறைப்பதாகும். 'இறந்தனர்' கூடப் பாதிப் பொய். எரித்தார்கள். எழுவாய் உள்ள வினை அங்கே வேண்டும்.

அப்படியென்றால் துஞ்சினார் என்ற சொல்லை நாம் தொடவே கூடாதா? இதில்தான் நான் இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் அப்பாயி செத்தது. வயல்வேலை, எண்பது வயதுக்கு மேல். தாத்தாவுக்கு எழுதியது போலவே இதற்கும் எழுத உட்கார்ந்தேன். 'செத்துப்போச்சு' என்று எழுதினேன். சரியாகத்தான் இருந்தது, எங்கள் வீட்டுச் சொல்தான். ஆனால் கை நின்றுவிட்டது. கிள்ளிவளவனுக்குக் கொடுத்த சொல்லை ஏன் என் அப்பாயிக்குக் கொடுக்கக் கூடாது? அந்தச் சொல் அரண்மனைச் சொத்து என்று நானே ஒப்புக்கொண்டு ஒதுங்கிப்போவது எதற்கு? பழைய தமிழ் அவர்களுடையது, பேச்சுத் தமிழ் மட்டும் நம்முடையது என்று பிரித்தால் அதுவும் ஓர் ஊர், ஒரு சேரிதானே. இப்படி எழுதினேன்:

நாத்து நட்ட குனிவு
நிமிராமலே
எங்கள் அப்பாயி
துஞ்சினாள்.

'நாத்து' எங்கள் தெருச்சொல், 'துஞ்சினாள்' புறநானூற்றுச் சொல். இரண்டும் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு இதழுக்கு அனுப்புவதற்கு முன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை யார் என்று கேட்கவில்லை.

"துஞ்சினாள்னா என்னப்பா?"

"தூங்கினான்னு அர்த்தம்பா. அந்தக் காலத்துல ராஜாவுங்க செத்தா அப்படித்தான் சொல்வாங்க."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்க ஆத்தா தூங்கி நான் பாத்ததே இல்லையேப்பா."

அந்தக் கவிதையை இன்னும் அனுப்பவில்லை. கடைசிச் சொல்லை அடிப்பதும் திரும்ப எழுதுவதுமாக இருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கத்தான் இதைக் கொண்டுவந்தேன். கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன், பேசலாம்.